வாய்க்காத மேடை

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே அமைந்துள்ள திருமுருகன்பூண்டி, கொங்கு நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று. சிற்பத் தொழிலுக்கு அவ்வூர் பெயர் பெற்றது. சாலையோரச் சிற்பக் கூடங்களைக் கடந்து செல்வோர் செவியில் உளியோசை இடையறாது ஒலிக்கும். கூடத்தின் முகப்பில் நிறைவு பெற்ற சிலைகள் அணிவகுத்து நிற்கும். அவற்றின் பின்னே இன்னும் உளி படாத கற்கள் குவிந்து கிடக்கும். சிற்பி ஒரு கல்லைத் தட்டிப் பார்ப்பார். அது தரும் ஓசையைக் கொண்டே அதன் தரத்தை அறிந்துகொள்வார். ஆயினும் நல்லோசை தரும் கல் அனைத்தும் கோயிலுள் சென்று பீடம் ஏறுவதில்லை. பீடம் ஏறாத கல்லைத் தரமற்ற கல் என்று எந்தச் சிற்பியும் கூறமாட்டார்.

மாந்தர் வாழ்விலும் இந்நிலை உண்டு. ஆற்றல் மிக்க ஒருவர், அவ்வாற்றலுக்கு ஏற்ற களம் அமையாமையால் உலகோர் அறியாமலே வாழ்ந்து மறைந்துவிடுகிறார். அவருடைய பெயர் வரலாற்றின் ஒரு மூலையில் சிறு எழுத்தில் நின்றுவிடுகிறது. அத்தகையோரை நாம் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? 'பெரிய வெற்றி பெறவில்லை. ஆதலின் பெரிய வீரர் அல்லர்' என்று தள்ளிவிடலாமா? 'வாய்ப்புக் கிடைத்திருந்தால் உலகையே வென்றிருப்பார்' என்று மிகைபடப் புகழலாமா? இவ்விரண்டு வழிகளும் செவ்விய வழிகள் அல்ல. இந்தியக் குத்துச்சண்டை வீரர் ஹவா சிங் என்பாரது வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

குத்துச்சண்டை என்னும் கலை

குத்துச்சண்டை என்ற சொல்லைக் கேட்டதும், அதனைத் தெருவில் நிகழும் அடிதடி போன்றதொன்றாகக் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. நாற்புறமும் கயிறு கட்டப்பெற்ற சதுர மேடையில், ஒத்த எடையுடைய இருவர், கையுறை அணிந்து, விதிகளுக்கு உட்பட்டுப் பொருதும் போட்டி அது. மேடை மீது நடுவர் ஒருவர் நிற்பார். மேடையைச் சுற்றி அமர்ந்திருப்போர் மதிப்பெண் இடுவர். கையுறையின் முட்டிப் பகுதியால் மட்டுமே குத்துதல் வேண்டும். இடைக்கு மேற்பட்ட உடலிலும் தலையிலும் முன்புறமும் பக்கங்களுமே குத்துதற்குரிய இடங்கள். இடைக்குக் கீழே குத்துதலும், பிடரியில் குத்துதலும், கீழே வீழ்ந்தவரைத் தாக்குதலும் குற்றங்களாம். ஹவா சிங் களத்தில் நின்ற காலத்தில், ஊதியம் பெறாதோர் கலந்துகொள்ளும் அமெச்சூர் போட்டி ஒவ்வொன்றும் மூன்று சுற்றுகளை உடையது. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம் நிகழும். ஆக, ஒன்பது நிமிடங்களில் ஒரு வீரனது பல்லாண்டு உழைப்பும் மதிப்பிடப்பட்டுவிடும்.

வீரர்கள் எடைக்கு ஏற்பப் பல பிரிவுகளாக வகுக்கப்படுவர். அக்காலத்தில் 81 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையோர் யாவரும் 'ஹெவிவெயிட்' எனப்படும் பேரெடைப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். இப்பிரிவிற்கு மேல்வரம்பு இல்லை. தம்மினும் இருபது, முப்பது கிலோ மிகுந்த ஒருவரையும் எதிர்த்து நிற்க நேரிடும். ஒரே குத்தில் போட்டி முடிந்துவிடலும் கூடும். ஆகவே, பேரெடை வீரனுக்கு வலிமை மட்டும் போதாது. காலின் விரைவும், கண்ணின் கூர்மையும், அஞ்சாமையும், சினத்தை அடக்கும் ஆற்றலும் வேண்டும். சினங்கொண்டு கை வீசுபவன் தன் முகத்தைக் காக்க மறந்துவிடுவான்.

இக்கலை தமிழகத்திற்குப் புதிதன்று. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை முதலிய பெயர்களால் பயிற்சிக் குழுக்கள் அமைந்து, துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த மக்கள் வழிவழியாகக் குத்துச்சண்டை பயின்று வந்தனர். 1994ஆம் ஆண்டில் பாங்காக் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் சென்னை வீரர் தேவராஜன் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆயினும் பேரெடைப் பிரிவில் இந்தியாவின் பெயரை ஆசியக் கண்டத்தில் முதன்முதலாக நிலைநாட்டிய பெருமை வடநாட்டு வீரரான ஹவா சிங்குக்கே உரியது.

படையில் தொடங்கிய பயிற்சி

ஹவா சிங் 1937ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த ஊர் உமர்வாஸ் என்னும் சிற்றூர். அது இன்று அரியானா மாநிலத்தில் உள்ளது. 'ஹவா' என்னும் இந்திச் சொல்லுக்குக் காற்று என்பது பொருள். உழவுத் தொழில் மிக்க அப்பகுதியில் இளைஞர் பலர் படையில் சேர்தலைத் தமக்குரிய வழியாகக் கொண்டிருந்தனர். ஹவா சிங்கும் 1956ஆம் ஆண்டில் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார்.

அந்நாளில் நம் நாட்டில் விளையாட்டுப் பயிற்சிக்கு இன்றுள்ளது போன்ற அமைப்புகள் இல்லை. படையும் இரயில்வேயும் காவல் துறையும் போன்ற சில நிறுவனங்களே வீரர்களைப் பேணி வளர்த்தன. வேளைதோறும் உணவு, ஒழுங்கான பயிற்சி, போட்டியிடத் தோழர்கள் ஆகியவை ஏழை இளைஞனுக்குப் படையில் ஒருசேரக் கிடைத்தன. ஹவா சிங் இவ்வாய்ப்பினை நன்கு பயன்படுத்திக்கொண்டார். 1960ஆம் ஆண்டில், படையின் மேற்குக் கமாண்டுப் பிரிவில் அதுவரை வாகை சூடியிருந்த மொகபத் சிங் என்பாரை வென்று முதலிடம் பெற்றார். படையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன; அகவை இருபத்து மூன்றை எட்டவில்லை.

அதன்பின் அவர் அடைந்த வெற்றி வரிசை வியப்புக்குரியது. 1961ஆம் ஆண்டிலிருந்து 1972ஆம் ஆண்டு வரையிலான காலத்தில், தொடர்ந்து 11 முறை பேரெடைப் பிரிவில் தேசிய வாகையராக விளங்கினார். இதன் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு முறை முதலிடம் பெறுதல் ஆற்றலின் அடையாளம். பதினொரு முறை அதனைக் காத்து நிற்றல் ஒழுக்கத்தின் அடையாளம். ஆண்டுதோறும் புதிய இளைஞர்கள் எழுவர். அவர்கள் அனைவரும் முதல்வரையே குறி வைத்துப் பயில்வர். அவருடைய காலடிகளையும் கையசைவுகளையும் நுணுகி நோக்கிக் குறை காண்பர். நேற்றைய வெற்றி இன்றைய போட்டியில் ஒரு மதிப்பெண்ணும் பெற்றுத் தராது. உண்பதிலும் உறங்குவதிலும் ஒழுங்கு தவறாது, விடியற்காலையில் எழுந்து ஓடி, நாள்தோறும் கைகளையும் கால்களையும் பழக்கிக்கொண்டிருப்பவரே பல்லாண்டுகள் நிலைத்து நிற்க இயலும்.

பாங்காக்கில் இரு வெற்றிகள்

1962ஆம் ஆண்டில் இந்தோனேசியத் தலைநகராகிய சகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. ஹவா சிங் அதற்குத் தகுதி பெற்றிருந்தார். ஆயினும், சீனாவுடன் எல்லைப் பூசல் முற்றிவந்த காலமாதலால், படைவீரராகிய அவரால் அவ்விழாவிற்குச் செல்ல இயலவில்லை. நாட்டுக் கடமை முன்னின்றது, விளையாட்டு பின்னின்றது. வாழ்வின் முதற் பெரும் வாய்ப்பு இவ்வாறு கைநழுவியது. அடுத்த ஆசிய விழாவிற்கு அவர் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. குத்துச்சண்டை வீரனது இளமையில் நான்கு ஆண்டுகள் என்பது சிறு காலமன்று.

1966ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பாங்காக் நகரில் ஐந்தாம் ஆசிய விளையாட்டு விழா கூடியது. அவ்விழா நடந்துகொண்டிருந்தபோதே ஹவா சிங்குக்கு இருபத்தொன்பது அகவை நிறைந்தது. இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து நின்றவர் பாக்கிஸ்தான் வீரர். இரு நாடுகளும் போரிட்டு ஓராண்டே கழிந்திருந்த வேளை அது. எனினும், குத்துச்சண்டை மேடையில் இருவர்க்கும் ஒரே விதி, ஒரே அளவுக் கையுறை, ஒரே நடுவர். போட்டி தொடங்குமுன் கையுறைகளைத் தொட்டுக்கொள்ளுதலும், முடிந்தபின் தழுவிப் பிரிதலும் அம்மேடையின் மரபு. ஹவா சிங் வென்று தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டிற்குரிய அருச்சுனா விருதினை இந்திய அரசு அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது.

1970ஆம் ஆண்டின் ஆசிய விழாவும் பாங்காக் நகரிலேயே நடைபெற்றது. ஹவா சிங்குக்கு அப்பொழுது அகவை முப்பத்து மூன்று. இவ்வகவையில் பலர் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவர். கால்கள் தளரத் தொடங்கும். அடி வாங்கிய உடல் விரைவில் ஆறாது. அவரோ மீண்டும் இறுதிப் போட்டிக்கு முன்னேறி, ஈரான் நாட்டு வீரரை வென்று, இரண்டாம் முறையாகத் தங்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் அடுத்தடுத்து இரு முறை தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் அவர் ஒருவரே. அவருக்குப் பின் எத்தனையோ சிறந்த வீரர்கள் தோன்றினர்; அவர்களுள் சிலர் ஒலிம்பிக் பதக்கமும் பெற்றனர்; ஆயினும் இச்சிறப்பை எவரும் எட்டவில்லை.

திறவாத கதவு

இத்தகைய வீரர் ஒலிம்பிக் விழாவில் என்ன செய்தார் என்று நீங்கள் வினவக்கூடும். விடை வருத்தம் தருவது. அவர் ஒலிம்பிக் மேடையில் ஏறவே இல்லை.

அதற்குரிய காரணத்தை ஆண்டு வரிசை தெளிவாகக் காட்டும். இந்தியக் குத்துச்சண்டை வீரர்கள் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலும், 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டனர். அதன்பின் 1956, 1960, 1964, 1968 ஆகிய நான்கு ஒலிம்பிக் விழாக்களுக்கும் இந்தியா குத்துச்சண்டை வீரர் ஒருவரையும் அனுப்பவில்லை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்கே மீண்டும் வீரர்கள் சென்றனர். அக்குழுவில் நாராயணன், வேணு, மேத்தாப் சிங் ஆகியோர் இடம் பெற்றனர். பேரெடைப் பிரிவில் எவரும் இலர். ஹவா சிங் தேசிய வாகையராக விளங்கிய காலத்தையும் இவ்வாண்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் எழுந்தபோது கதவு மூடியிருந்தது. அது திறந்தபோது அவருடைய இளமை கழிந்துவிட்டது.

அவ்வாண்டுகளில் அம்மேடையில் நின்றோர் யார் என்பதையும் அறிதல் வேண்டும். 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் பேரெடைத் தங்கம் வென்றவர் அமெரிக்கராகிய ஜோ பிரேசியர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் வென்றவர் ஜார்ஜ் போர்மன். இவ்விருவரும் பின்னர் ஊதியம் பெறும் தொழில்முறைக் குத்துச்சண்டையில் புகுந்து உலக வாகையராயினர். முகம்மது அலியுடன் பொருது உலகப் புகழ் பெற்றனர். 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் வென்ற கியூபா நாட்டுத் தியோபிலோ ஸ்டீவன்சன், அடுத்த இரு ஒலிம்பிக் விழாக்களிலும் அப்பிரிவில் தங்கம் பெற்றார். பேரெடைக் குத்துச்சண்டையின் பொற்காலம் என்று உலகம் போற்றும் காலமே ஹவா சிங்கின் காலமும் ஆகும். உலகின் ஒரு புறத்தில் அப்பொற்காலம் ஒளி வீச, மற்றொரு புறத்தில் ஆசிய வாகையர் ஒருவர் அம்மேடையைக் காணாமலே தம் வலிமை மிக்க ஆண்டுகளைக் கழித்தார்.

அளந்து கூறுதல்

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஹவா சிங் ஒலிம்பிக்கிற்குச் சென்றிருந்தால் பிரேசியரையும் போர்மனையும் வென்றிருப்பாரா? சிலர் 'ஐயமின்றி வென்றிருப்பார்' என்பர். அது அன்பு மிகுதியால் எழும் சொல். பிரேசியர் போன்றோர் பெற்ற பயிற்சியும், அன்றாடம் அவர்கள் சந்தித்த எதிரிகளின் தரமும் வேறு. வேறு சிலரோ, 'ஆசியாவில் பேரெடை வீரர்கள் தொகையிற் குறைந்தவர். ஆதலின் அங்கே பெற்ற தங்கம் பெரிதன்று' என்பர். இவர்கள் கூற்றில் ஒரு சிறு உண்மை உண்டு. சிறிய எடைப் பிரிவுகளில் இருந்த நெருக்கம் ஆசியப் பேரெடைப் பிரிவில் இல்லை. ஆனால், அதே உண்மை ஹவா சிங்குக்கு ஒரு பெருந்தடையாகவும் இருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒத்த வலிமையுடைய தோழர் இன்றிப் பயிலும் வீரன், கல்லின்றி உளியைத் தீட்ட முயல்பவனை ஒப்பான். அந்நிலையிலும் நான்காண்டு இடைவெளியில் இரு முறை வென்றமை, அவரது ஆற்றல் தற்செயலாக வாய்த்ததன்று என்பதனை உறுதி செய்கிறது.

ஆகவே, நாம் உறுதியாகக் கூறத்தக்கவை இவை: தம் நாட்டில் பதினொரு முறை அவரை எவரும் வெல்லவில்லை, தம் கண்டத்தில் இரு முறை அவர் முதல்வரானார், உலக அளவில் அவர் எங்கே நின்றிருப்பார் என்பதை அறிய வழியில்லை. இறுதியில் கூறிய இந்த அறியாமையே உண்மையான இழப்பு. ஒலிம்பிக் மேடையில் முதற் சுற்றிலேயே அவர் தோற்றிருந்தாலும், தம் அளவைத் தாமே அறிந்திருப்பார். எதனைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்றிருப்பார். அவர் வழியாக நாடும் கற்றிருக்கும். தோல்வி ஒரு வீரனுக்கு ஆசிரியனாக அமையும். களமே கிடைக்காதவனுக்கு அவ்வாசிரியனும் கிடைப்பதில்லை.

நம் திருப்பூர்ப் பகுதியில் நெய்யும் பனியனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நூல் பின்னலாகிறது; பின்னல் வெளுக்கப்பட்டுச் சாயம் ஏறுகிறது; பின்னர் வெட்டுமேசைக்கும் தையற்பொறிக்கும் சென்று, பிசிறு நீக்கப்பட்டு, சோதிக்கப்பட்டுப் பெட்டியில் அடைக்கப்படுகிறது. இத்தனை கைகள் கடந்து உருவான ஆடையின் தரத்தை, அதனை உடுத்துபவரே இறுதியில் உணர்வார். பெட்டி திறக்கப்படாமலே கிடங்கில் கிடக்குமாயின், நெய்தவரின் திறமையை யார் அறிவார்? கிடங்கில் கிடந்தது ஆடையின் பிழையாகுமா? வீரனை உருவாக்குவதோடு நாட்டின் கடமை முடிந்துவிடுவதில்லை; அவனை உலகின் முன் நிறுத்துதலும் அக்கடமையில் அடங்கும்.

பிறர்க்கு அமைத்த மேடை

தமக்கு வாய்க்காத ஒன்றைப் பற்றி மனிதர் இருவகையாக நடந்துகொள்வர். சிலர் 'எனக்குக் கிட்டாதது பிறர்க்கும் கிட்டாதொழிக' என்று கசந்து வாழ்வர். சிலர் 'எனக்குக் கிட்டாதது என் பின்னோர்க்காவது கிட்டுக' என்று உழைப்பர். ஹவா சிங் இரண்டாம் வகையினர். படைப்பணி முடிந்து ஊர் திரும்பிய அவர், பிவானி நகரில் இளைஞர்க்குக் குத்துச்சண்டை பயிற்றுவிக்கத் தொடங்கினார். உழவர் மக்களும் சிறு தொழில் செய்வோர் மக்களும் அவரிடம் பயில வந்தனர். பேரெடை வீரராகிய இராஜ்குமார் சாங்வான் அவரிடம் பயின்று சிறந்தோருள் ஒருவர். குத்துச்சண்டைக்கெனத் தனி மரபொன்று அந்நகரில் வேர்விட்டது. குத்துச்சண்டையில் தேர்ந்த கியூபா நாட்டோடு ஒப்பிட்டுப் பிவானியைச் 'சிறு கியூபா' என்று மக்கள் அழைக்கலாயினர்.

சிறந்த பயிற்சியாளர்க்கு இந்திய அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது ஹவா சிங்குக்கு அறிவிக்கப்பட்டது. அவ்விருதினைப் பெறும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னர், 2000ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 14ஆம் நாள், அவர் எதிர்பாராது உயிர் நீத்தார். அகவை அறுபத்திரண்டு. அவர் சார்பில் அவருடைய துணைவியார் விருதினைப் பெற்றுக்கொண்டார். வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்த காலத்தின் முரண், இறுதியிலும் அவரை விடவில்லை.

எனினும் அவர் நட்ட மரம் காய்த்தது. 2008ஆம் ஆண்டு பெய்சிங்கு ஒலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய ஐந்து குத்துச்சண்டை வீரர்களுள் நால்வர் பிவானியில் பயின்றோர். அவர்களுள் ஒருவராகிய விசேந்தர் சிங் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அதுவேயாகும். அவ்விளைஞர்களை நேரே பயிற்றியவர் சகதீசு சிங் என்னும் பயிற்சியாளர். அப்பெருமை அவர்க்கே உரியது. ஆயினும், அந்நகரில் அக்கலைக்கு நிலம் பண்படுத்திய முன்னோடி ஹவா சிங் என்பதை எவரும் மறுப்பதில்லை. தாம் ஏறாத மேடையில் தம் ஊர் ஏறியதைக் காண அவர் இல்லை.

அவருடைய குடும்பத்திலும் அக்கலை தொடர்ந்தது. அவர் மகன் சஞ்சய் குமார் குத்துச்சண்டை வீரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். பேத்தி நூபுர், பாட்டனாரைப் போன்றே பேரெடைப் பிரிவில் பொருதுபவர். 2025ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள லிவர்ப்பூல் நகரில் நடைபெற்ற உலக வாகையர் போட்டியில், 80 கிலோவுக்கு மேற்பட்ட மகளிர் பிரிவில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாட்டனார்க்குக் கிட்டாத உலக மேடை பேத்திக்குக் கிட்டியது. ஆயினும் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் மகளிர்க்கு வகுக்கப்பட்ட எடைப் பிரிவுகளுள் உச்ச எடை 75 கிலோவே ஆகும். நூபுரின் எடைப் பிரிவுக்கு அங்கே இடம் இல்லை. ஒரு தலைமுறையில் நாடு கதவைத் திறக்கவில்லை; மற்றொரு தலைமுறையில் போட்டியின் வரையறை கதவைத் திறக்கவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

மாணவர்களே! உங்கள் பள்ளியிலும் இத்தகையோர் இருக்கக்கூடும். விரைந்து ஓடும் மாணவி ஒருத்தி, மாவட்டப் போட்டிக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இன்றி வீட்டில் இருந்துவிடலாம். நன்றாக ஓவியம் தீட்டும் மாணவன் ஒருவன், குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்திவிட்டுப் பனியன் தொழிற்சாலைக்குச் செல்ல நேரலாம். அவர்களைத் திறமையற்றோர் என்று எண்ணுதல் தவறு. 'உலகை வென்றிருப்பர்' என்று வெறும் புகழுரை கூறிக் கடந்து செல்வதாலும் அவர்களுக்குப் பயனில்லை. அவர்கள் செய்தவற்றை உள்ளவாறு அறிந்து மதித்தலும், அடுத்த கதவைத் திறக்க நம்மால் இயன்ற அளவு துணை நிற்றலுமே நாம் செய்யத்தக்கவை. ஆசிரியரிடம் எடுத்துக் கூறுதல், உடன் பயிற்சி செய்தல், போட்டி அறிவிப்பைத் தெரிவித்தல் போன்ற சிறு உதவிகளும் ஒருவருடைய வாழ்வின் போக்கை மாற்றக்கூடும்.

களம் வாய்க்காதோர்க்கும் ஹவா சிங்கின் வாழ்வு ஒன்றைக் கற்பிக்கிறது. 1962ஆம் ஆண்டில் சகார்த்தா செல்லாத பின்பும் அவர் பயிற்சியை விடவில்லை; ஆதலால் 1966ஆம் ஆண்டில் கதவு திறந்தபோது அவர் ஆயத்தமாக இருந்தார். ஒலிம்பிக் கதவு திறக்காமலே போன பின்பும் அவர் கலையை விடவில்லை. ஆதலால் அவரிடம் பயின்றோர்க்கும் அவர் ஊருக்கும் வழி பிறந்தது. வாய்ப்பை வரவழைத்தல் எல்லோர் கையிலும் இல்லை. அது வரும் நாளில் ஆயத்தமாக இருத்தலும், வாராது போயின் பிறர்க்கு அதனை அமைத்துத் தருதலும் நம் கையில் உள்ளன.

பிவானியில் இன்று வைகறையில் இளைஞரும் இளம்பெண்களும் கையுறை அணிந்து பயிற்சிக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர், பாங்காக்கில் ஹவா சிங் பொருத காலத்தில் தம் பெற்றோரும் பிறவாதிருந்தவர்கள். ஆயினும் அவர்கள் நிற்கும் மேடை அவர் இட்ட அடித்தளத்தின் மேல் எழுந்ததாகும்.

பயிற்சி வினாக்கள்

1. குத்துச்சண்டை அடிதடியினின்று எவ்வாறு வேறுபடுகிறது?

2. தேசிய வாகையைப் பதினொரு முறை காத்து நிற்றல் ஏன் அரியது?

3. ஹவா சிங் ஒலிம்பிக் விழாவில் கலந்துகொள்ளாமைக்குரிய காரணத்தை ஆண்டுகளைக் குறிப்பிட்டு விளக்குக.

4. 'களமே கிடைக்காதவனுக்கு அவ்வாசிரியனும் கிடைப்பதில்லை' என்னும் தொடரில் ஆசிரியன் எனப்பட்டது யாது? விளக்குக.

5. பனியனை எடுத்துக்காட்டி ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது? அதனை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா? காரணம் தருக.

6. உங்கள் ஊரில் ஆற்றல் இருந்தும் உரிய களம் வாய்க்காத கலைஞர் அல்லது விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி, மிகைபடக் கூறாது ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.